மண் வீட்டில் ரேடன் மீற்றர் காட்டும் எண் எதைச் சொல்கிறது?

கேள்வி இதுதான். கிளிநொச்சிப் பக்கம் ஒரு குடும்பம். முன்னால் வீட்டுத்திட்டத்தில் கட்டிய சீமெந்துக் கல் வீடு. பின்னால் பழைய மண் வீடு அப்படியே நிற்கிறது. அதன் ஒரு பாதி குசினி, மறு பாதியில் மாமா படுக்கிறார். கனடாவிலிருந்து வந்த மச்சான், நிலத்திலிருந்து கசியும் ரேடன் என்ற கதிரியக்க வாயுவை அளக்கத் தன் வீட்டு நிலக்கீழ் அறையில் வைத்திருந்த மீற்றரைக் கையோடு கொண்டுவந்து இங்கேயும் வைத்துப் பார்த்திருக்கிறார். முன் அறையில் 30ஐ ஒட்டி ஓர் எண். பின்னால் மண் சுவரோடு சேர்த்து வைத்தால் 140. அதே அறையின் நடுவில் கதிரையில் வைத்தால் 50. இதில் எது சரி, மாமா அங்கே படுக்கலாமா, அந்த வாயு சிதைந்து உண்டாகி நெஞ்சுக்குள் போய்த் தங்கும் பொருள்களை நேராகவே அளக்க வழி இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள்.

மாமா அங்கேயே படுக்கட்டும். அவசரப்பட்டுக் கட்டிலைத் தூக்க வேண்டாம். ஆனால் அந்த மூன்று எண்களில் எதுவும் அவருக்குரிய விடை அல்ல. 140 என்பது அநேகமாக ரேடனே அல்ல, அதன் ஒன்றுவிட்ட தம்பியான தோரன் என்ற வாயு. மீற்றருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

ஒப்பிடுவதற்கான எல்லைகளை முதலில் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் 2009இல் வெளியிட்ட கைந்நூலில் வீடுகளுக்குக் கன மீற்றருக்கு 100 பெக்கரலை (ஒரு பெக்கரல் என்றால் செக்கனுக்கு ஓர் அணுச் சிதைவு) பரிந்துரைக்கிறது; அதை எட்ட முடியாத நாடுகளும் 300ஐத் தாண்டக்கூடாது என்கிறது. கனடாவின் வழிகாட்டல் 200. அமெரிக்காவில் 148. உலகெங்கும் வீட்டுக்குள் சராசரி ஏறத்தாழ 40. இவை எல்லாமே ரேடன் வாயுவுக்கு உரிய எண்கள், அதுவும் நீண்டகாலச் சராசரிக்கு. சுவரோடு வைத்து ஒரு பொழுதில் எடுத்த 140ஐ இவற்றோடு ஒப்பிட முடியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். பாறையிலும் மண்ணிலும் இருக்கும் யுரேனியம் படிப்படியாகச் சிதைந்து ரேடியமாகி, ரேடியத்திலிருந்து ரேடன்-222 என்ற வாயு பிறக்கிறது. அதன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் நேரம், 3.8 நாள். வாயு என்பதால் மூச்சோடு உள்ளே போகும், மூச்சோடு வெளியே வந்துவிடும். தொல்லை அதனால் அல்ல, அது சிதைந்து பிறக்கும் பிள்ளைகளால். பொலோனியம்-218 மூன்று நிமிடம் இருக்கும். பிறகு ஈயம்-214, 27 நிமிடம். பிறகு பிஸ்மத்-214, 20 நிமிடம். அதிலிருந்து வரும் பொலோனியம்-214 ஒரு செக்கனின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட நிற்காது. இவை வாயுக்கள் அல்ல, திண்ம உலோக அணுக்கள். பிறந்த கையோடு தூசியிலும் புகையிலும் ஈரத் துளியிலும் ஒட்டிக்கொள்ளும். மூச்சோடு போனால் சுவாசக் குழாய்ச் சுவரில் படிந்து, வெளியே வருமுன் அங்கேயே சிதையும். இரண்டு பொலோனியமும் சிதையும்போது விடுகிற அல்பா துணிக்கை என்ற கதிர் இழையத்துக்குள் ஒரு மில்லிமீற்றரில் பத்திலொரு பங்குக்கும் குறைவான தூரமே போகும்; அந்தத் தூரத்துக்குள்தான் தன் முழுச் சக்தியையும் கொட்டும். நுரையீரல் புற்றுநோய்க்குப் புகைத்தலுக்கு அடுத்த காரணமாக ரேடனைச் சொல்வது இதனால்தான்.

ஆக, அளக்க வேண்டியது பிள்ளைகளை. ஆனால் மலிவான மீற்றர்கள் எல்லாம் தாயைத்தான் அளக்கின்றன. தாயின் எண்ணை எடுத்து 0.4ஆல் பெருக்கினால் பிள்ளைகளின் அளவு என்று வைத்துக்கொள்வது உலக வழக்கம். அந்த 0.4க்குச் சமநிலைக் காரணி என்று பெயர். பூட்டிய பெட்டிக்குள் வாயுவும் பிள்ளைகளும் முழுச் சமநிலையில் இருந்தால் அது 1. வீட்டில் காற்றோட்டம் சிலவற்றை வெளியே கொண்டுபோகிறது, சில சுவரிலும் தரையிலும் படிகின்றன, அதனால் குறைகிறது. ஆனாலும் தென்னை மரத்தை எண்ணிவிட்டுத் தேங்காய்க் கணக்குச் சொல்கிற வேலைதான் இது. சராசரித் தோட்டத்துக்குச் சரி வரும், உங்கள் வளவுக்குச் சரி வருமா என்பது வேறு கதை.

ஏன் என்றால் அந்த 0.4 குளிர்நாட்டு வீடுகளில் அதிகம் அளந்து பெற்ற எண். நம் வீட்டில் மேலே ஒரு காற்றாடி சுழன்றுகொண்டே இருக்கும். காற்று சுழலச் சுழலப் பிள்ளைகள் சுவரிலும் காற்றாடித் தட்டிலும் போய் ஒட்டும். காற்றில் மிதப்பது குறையும். நல்லதுதானே என்று தோன்றும். பாதிதான் நல்லது. தூசியில் ஒட்டாமல் தனியே மிதக்கிற அணுக்களின் பங்கு அப்போது கூடும், அவை சுவாசக் குழாயின் மேற்பகுதியில் இன்னும் எளிதாகப் படியும். இதற்கு நேர்மாறு, விறகடுப்புப் புகை, சாம்பிராணி, நுளம்புத் திரி. புகைத் துகளில் பிள்ளைகள் ஒட்டி நெடுநேரம் காற்றிலேயே நிற்கும், சமநிலைக் காரணி மேலே போகும். ஒரே வீடு, ஒரே ரேடன் அளவு. மாலை ஆறு மணிக்கு அடுப்பு எரியும்போது ஒரு கதை, இரவு காற்றாடி ஓடும்போது வேறு கதை. வாயுவை மட்டும் பார்க்கிற மீற்றர் இரண்டு நேரமும் ஒரே எண்ணைக் காட்டும்.

மண் சுவருக்கு வருவோம், கேள்வியின் சுவாரசியமான பகுதி இதுதான்.

தோரியம் சிதையும் வரிசையில் வருகிற வாயு ரேடன்-220. அதைத்தான் தோரன் என்கிறோம். அரைவாழ்வு வெறும் 55.6 செக்கன். கண்டுபிடித்த கதையும் கனடாக்கதைதான்: 1899இல் மொன்றியலில் மக்கில் பல்கலைக்கழகத்தில் ரதர்போர்டும் ஓவன்ஸும் தோரியச் சேர்மத்தை அளந்துகொண்டிருந்தபோது, அறையில் காற்று அசைந்தால் எண் மாறுவதை ஓவன்ஸ் கவனித்தார். திண்மத்திலிருந்து கதிர் வருகிறது என்றால் காற்று எப்படி அதைக் குழப்பும்? அதைத் துருவிக்கொண்டு போய்த்தான் ரதர்போர்டு ஒரு வாயு வெளிவருகிறது என்றும், அது பட்ட இடமெல்லாம் கதிரியக்கமுள்ள ஒரு படிவு உண்டாகிறது என்றும் கண்டார். அந்தப் படிவுதான் நாம் இங்கே பேசுகிற பிள்ளைகள். 1901இல் ஜெர்மனியில் எல்ஸ்ரர், கைற்றல் என்ற இரு பௌதிகவியலாளர் எதிர்மின்னேற்றம் கொடுத்த கம்பியைத் திறந்த வெளியில் கட்டிவைத்து, சாதாரணக் காற்றிலிருந்தே அந்தப் படிவைப் பிடித்துக் காட்டினார்கள். இலங்கைக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. இலங்கைக் கனிம அளவைப் பணியின் பொறுப்பில் இருந்த ஆனந்த குமாரசுவாமி 1904இல் பலாங்கொடைப் பக்கத்தில் கண்டெடுத்த கனிமம் தோரியனைற்று. கலைவரலாற்றுக்காரராகவே அவரை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும்.

தோரன் ஒரு நிமிடத்துக்குள் பாதியாகிவிடுவதால், சீமெந்துத் தரைக்குக் கீழே பிறப்பது மேலே வந்து சேருமுன் செத்துவிடும். நிலத்திலிருந்து வீட்டுக்குள் ஏறுவது பெரும்பாலும் ரேடன். தோரன் வீட்டுக்குள் வர வேண்டுமென்றால் அறையை ஒட்டிய மேற்பரப்பிலேயே பிறக்க வேண்டும். பூச்சில்லாத மண் சுவர் அதற்கு வாய்த்த இடம். சுவரின் மேற்தோலில் பிறக்கிற தோரன் நேரே அறைக்குள் வரும், ஆனால் சில பத்து சென்ரிமீற்றர் போவதற்குள் பெரும்பகுதி சிதைந்துவிடும். சீனாவின் கான்சு மாகாணத்து மண் குடியிருப்புகளிலும் ஜப்பானின் பழைய மண்சுவர் வீடுகளிலும் இதைத்தான் கண்டார்கள்: சுவரருகே எண் எகிறும், நடு அறையில் விழும். மச்சானின் மீற்றர் 140உம் 50உம் காட்டியது அதே கோலம். ரேடன் மட்டும் என்றால் ஓர் அறைக்குள் இவ்வளவு வித்தியாசம் வராது, 3.8 நாள் வாழ்கிற வாயு அறை முழுக்கக் கலந்துவிடும்.

தோரன் வாயு நடு அறைக்கு வந்து சேரவில்லை, ஆகவே கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போட்டால் சரி என்று நினைக்கத் தோன்றும். அது உதவாது. தோரனின் பிள்ளைகளில் முக்கியமானது ஈயம்-212. அதன் அரைவாழ்வு 10.6 மணித்தியாலம். சுவரோரம் பிறந்தாலும் மெதுவாகச் சிதைவதால் அறை முழுக்கப் பரவிவிடும். வாயு சுவரோடு நிற்கிறது, பிள்ளைகள் கட்டில் வரை வருகின்றன. ஆகவே மண் வீட்டில் வாயு மீற்றரை எங்கே வைத்தாலும் தோரனின் பாதிப்பை அதைக்கொண்டு கணிக்க முடியாது. ரேடனுக்குப் பயன்படுகிற 0.4 போன்ற ஒரு காரணியும் இங்கே வேலை செய்யாது, ஏனென்றால் வாயுவின் எண்ணே இடத்துக்கு இடம் மாறுகிறது. பிள்ளைகளை நேராகப் பிடித்து எண்ணினால்தான் உண்டு.

கிளிநொச்சி அடங்கிய வன்னியில் தோரியம் வருமா என்றால், வரக்கூடிய நிலந்தான். வவுனியாவும் அதைச் சூழ்ந்த பெரும்பகுதியும் கேம்பிரியனுக்கு முந்திய பழைய பளிங்குருப் பாறை நிலம். நிலவியலாளர் வன்னித் தொகுதி என்றே பெயர் வைத்திருக்கிறார்கள், கருங்கல் இனமும் நைசும் அதில் நிறைய. யாழ்ப்பாணத்திலும் மன்னார்க் கரையிலும் சுண்ணக்கல். பொதுவாகக் கருங்கல் இனப் பாறையில் யுரேனியமும் தோரியமும் சுண்ணக்கல்லைவிடக் கூடுதலாக இருக்கும். முல்லைத்தீவுக்குத் தெற்கே கொக்கிளாயைத் தாண்டினால் புல்மோட்டை. அங்கே இல்மனைற்றோடும் சிர்க்கனோடும் தோரியம் கொண்ட மொனசைற்றும் மணலில் கிடக்கிறது. அதற்காக வன்னியின் ஒவ்வொரு மண் சுவரும் சந்தேகத்துக்குரியது என்று சொல்ல வரவில்லை. எந்த மண்ணை வெட்டிக் குழைத்தார்கள் என்பதுதான் கணக்கு, அதை அளக்காமல் சொல்ல முடியாது.

சரி, எப்படி அளப்பது?

தத்துவம் ஒன்றுதான்: காற்றை ஒரு வடிதாள் வழியாக இழுக்க வேண்டும். வாயு தாண்டிப் போய்விடும், தூசியும் அதில் ஒட்டிய பிள்ளைகளும் தாளில் தங்கும். தாளைக் கதிர் எண்ணியில் வைத்து, நேரம் போகப் போக எண் எப்படி இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இறக்கத்தின் வேகத்தில்தான் எல்லாத் தகவலும் இருக்கிறது.

ஆய்வுகூடம் இல்லாமல் செய்ய வேண்டுமானால், கார் சுத்தம் செய்கிற சிறிய வக்கூம் ஒன்று போதும். குழாய் வாயில் சத்திரசிகிச்சை முகக்கவசம் ஒன்றை ஒற்றையாக இழுத்துக் கட்டுங்கள். கொரோனாவுக்குப் பிறகு அது இல்லாத வீடு ஏது. கதவு யன்னலைச் சாத்திச் சில மணித்தியாலம் விட்டபிறகு, நிலத்திலிருந்து கட்டில் உயரத்தில் வைத்து அரை மணித்தியாலம் ஓடவிடுங்கள். நிறுத்திய நேரத்தைக் கடிகாரம் பார்த்துக் குறியுங்கள், இதை மறந்தால் பிறகு எந்த எண்ணும் உதவாது. கவசத்தின் வெளிப்பக்கத்தில் வட்டமாகக் கொஞ்சம் கறுத்திருக்கும். அந்த வட்டத்தைக் கைகர் எண்ணியின் அப்பிரக யன்னலுக்குக் கிட்டப் பிடிக்க வேண்டும், தொடக்கூடாது. அந்த யன்னல் மெல்லிய அப்பிரகமாக இருப்பது அவசியம். தடித்த உலோகக் குழாய் உள்ள மலிவு எண்ணிகளுக்கு அல்பா தெரியவே தெரியாது, பீற்றா என்ற மற்றக் கதிரிலும் பாதியை விழுங்கிவிடும்.

முதலில் வெறும் கவசத்தோடு பின்னணி எண்ணைப் பத்து நிமிடம் எடுத்து வையுங்கள். பிறகு பிடித்த கவசத்தை ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை எண்ணிக் கொப்பியில் எழுதுங்கள். பின்னணியைக் கழித்து மிஞ்சுவது அரை மணிக்கும் முக்கால் மணிக்கும் இடையில் பாதியானால் அது ரேடனின் பிள்ளைகள்: ஈயம்-214உம் பிஸ்மத்-214உம் அடுத்தடுத்துச் சிதைகிற வேகம் அது. அப்புறம் தாளைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். இதைத்தான் பலர் செய்கிறார்கள், அதோடு மண் வீட்டின் பாதிக் கதை குப்பைக்குப் போய்விடுகிறது. ஆறு மணித்தியாலம் பொறுத்து மறுபடியும் எண்ணுங்கள். ரேடனின் பிள்ளைகள் அதற்குள் ஆயிரத்திலொரு பங்குக்கும் கீழே போயிருக்கும். அப்போதும் பின்னணிக்கு மேலே ஏதாவது மிஞ்சியிருந்தால், அடுத்த நாளும் எண்ணுங்கள். பத்தரை மணித்தியாலத்தில் பாதி என்ற கணக்கில் இறங்கினால் அது ஈயம்-212, தோரன் வீட்டுப் பிள்ளை. வேறெந்த ஆதாரமும் தேவையில்லை.

இந்த முறையில் பெக்கரல் கணக்கு வராது. ஆனால் அதே வக்கூம், அதே கம்பனிக் கவசம், அதே நேரம் என்று முன் அறையிலும் மண் அறையிலும் செய்தால், ஒன்றுக்கு மற்றது எத்தனை மடங்கு என்று தெரியும். முன் அறையில் வாயு 30 என்று மீற்றர் சொல்லியிருக்கிறது, அதை ஒரு பிடியாக வைத்துக்கொள்ளலாம்.

முறைப்படி எண் வேண்டுமென்றால் சுரங்கக்காரர்களிடமிருந்து வந்த ஒரு வழி உண்டு, 1956இல் குஸ்நெற்ஸ் சொன்னது. ஓட்ட அளவு தெரிந்த பம்பியால் ஐந்து முதல் பத்து நிமிடம் காற்றை இழுத்து, 40 முதல் 90 நிமிடத்துக்குள் தாளின் அல்பாவை எண்ணுவது. அந்த இடைவெளியில் பொலோனியம்-218 தானாக ஒழிந்துபோய்விடுவதால் கணக்கு எளிதாகிறது. பயன்படும் அலகு வேலைமட்டம்: பிள்ளைகள் எல்லாம் வாயுவோடு சமநிலையில் இருந்தால், கன மீற்றருக்கு 3,700 பெக்கரல் ஒரு வேலைமட்டம். ஒரு வேலைமட்டக் காற்றில் ஒரு லீற்றரைப் பிடித்தால் 40ஆவது நிமிடத்தில் தாளில் நிமிடத்துக்கு 150 அல்பாச் சிதைவு, 90ஆவது நிமிடத்தில் 60.

வீட்டு அளவில் போட்டுப் பார்ப்போம். ரேடன் 40, காரணி 0.4 என்றால் பிள்ளைகளின் சமநிலைச் செறிவு 16 பெக்கரல். அதை 3,700ஆல் பிரித்தால் 0.0043 வேலைமட்டம். நிமிடத்துக்கு 20 லீற்றர் வீதம் ஐந்து நிமிடம் இழுத்தால் 100 லீற்றர். எண்ணியின் திறன் நூற்றுக்கு 25 என்று வைத்தால் 0.0043 × 100 × 150 × 0.25, அதாவது நிமிடத்துக்கு ஏறத்தாழ 16 எண். பத்து நிமிடம் எண்ணினால் 160 வரும், வழு நூற்றுக்கு எட்டு. அல்பா பட்டால் மினுங்கும் நாக சல்பைட்டுத் தகடு உள்ள அல்பா எண்ணியில் பின்னணி நிமிடத்துக்கு ஒன்றுகூட இராது என்பதால் இது தெளிவாகவே தெரியும். தோரனுக்கு அதே தாளை ஐந்து மணித்தியாலத்துக்குப் பிறகு எண்ண வேண்டும், இன்னும் நெடுநேரம் இழுத்தால் நல்லது.

எண் வந்தபிறகு உடலுக்கு எவ்வளவு என்பதற்கு ஐக்கிய நாடுகளின் கதிர்வீச்சுக் குழு தந்த பெருக்கம் இருக்கிறது. ரேடன் பிள்ளைகளின் சமநிலைச் செறிவில் ஒரு பெக்கரலுக்கு, ஒரு மணித்தியாலத்துக்கு 9 நனோசீவேட் (சீவேட் என்பது கதிர்வீச்சால் உடலுக்கு வரும் பாதிப்பின் அலகு). தோரனுக்கு 40. வருடத்தில் 7,000 மணித்தியாலம் வீட்டுக்குள் என்று கொண்டால், மேலே சொன்ன 16 பெக்கரல் வருடத்துக்கு 1 மில்லிசீவேட். தோரன் பிள்ளைகள் வெறும் 2 பெக்கரல் இருந்தாலே 0.56 மில்லிசீவேட். எட்டிலொரு பங்கு எண், பாதிக்கு மேல் பாதிப்பு. மண் வீட்டில் தோரனை விட்டுவிட்டு அளந்தேன் என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதனால்தான்.

ஒரு நாள் காற்றைப் பிடித்து ஒரு வருடத்தைப் பேச முடியாது என்பதால், உண்மையான ஆய்வுகளில் படலங்களைத் தொங்கவிடுவார்கள். மூக்குக்கண்ணாடி வில்லை செய்கிற அதே பிளாஸ்ரிக் ஒரு வகை. இன்னொன்று செந்நிறமான செலுலோஸ் நைத்திரேற்றுப் படலம். அல்பா பட்ட இடத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழும். மாதக்கணக்கில் தொங்கவிட்டு, பிறகு சூடான சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்தால் அந்தக் கீறல்கள் அரித்துத் துளையாகும். நுணுக்குக்காட்டியில் சிவப்பு வானத்தில் வெள்ளைப் புள்ளியாகத் தெரியும். மும்பை பாபா அணு ஆராய்ச்சி மையத்தில் இதை வைத்தே ஒரு நல்ல உத்தி செய்தார்கள். படலத்துக்கு மேலே 50 மைக்கிரோமீற்றர் தடிப்புள்ள அலுமினியப் பூச்சுத் தாளைப் போட்டுவிட்டால், தோரன் வரிசையின் பொலோனியம்-212 விடுகிற 8.78 மெகா இலத்திரன்வோல்ட் சக்தியுள்ள அல்பா மட்டுந்தான் துளைத்து வரும். மற்ற எல்லாம் தாளிலேயே நின்றுவிடும். கரண்ட் வேண்டாம், பம்பி வேண்டாம், மேற்பரப்பில் வந்து படிகிற பிள்ளைகளையே எண்ணுகிறது. நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கருவி இல்லை என்பது என் அபிப்பிராயம்.

தொங்கவிடும்போது நம் ஊர்த் தொல்லைகள் சில. காற்றாடிக்கு நேர் கீழே வேண்டாம், அடுப்புக்கு மேலே வேண்டவே வேண்டாம், புகைக்கரி படலத்தை மூடிவிடும். துளையுள்ள கருவி எதையும் கூரை வளையில் கட்டிவிட்டு மாதக்கணக்கில் திரும்பிப் பார்க்காமல் இருந்தால், வேட்டுவன் குளவி அந்தத் துளையை மண்ணால் அடைத்துக் குஞ்சு வைத்துவிடும். அந்தக் கருவி பிறகு சொல்வது குளவிக் கூட்டின் எண். துளைக்கு மெல்லிய வலை போடுங்கள். கரிக்குப்பி முறை ஒன்றும் உண்டு, ரேடனை உறிஞ்சும் கரியைச் சில நாள் வைத்து மூடி அனுப்புவது. கார்த்திகை, மார்கழி ஈரத்தில் கரி ரேடனைவிடத் தண்ணீரைத்தான் அதிகம் குடிக்கும். மழைக்காலத்தில் அதை நம்ப வேண்டாம்.

காலமும் முக்கியம். சோளகம் (தென்மேல் காற்று) அடிக்கிற மாதங்களில் யன்னலெல்லாம் திறந்து கிடக்கும், எண் மிகக் குறைவாக இருக்கும். மாரியில் கதவு சாத்தி, வெளி நிலம் நனைந்து மண்துளைகள் அடைபட்டால், மண்ணுக்குள் இருக்கிற வாயு வீட்டுக்குக் கீழே உலர்ந்த இடத்தைத் தேடி வரும். சுவரில் கொஞ்சம் ஈரம் ஏறினாலும் வாயு வெளிப்படுவது கூடும், முழுக்க நனைந்தால் குறையும். ஆகவே மாரியில் மூன்று மாதம், கோடையில் மூன்று மாதம் என்று இரண்டு தடவையாவது வேண்டும். ஒரு நாளுக்குள்ளேயே விடியற்புறம் காற்று அசையாத நேரத்தில் உச்சம், பகல் வெயிலில் அடி. மச்சான் எத்தனை மணிக்கு எண்ணைப் பார்த்தார் என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

கனடா நிலக்கீழ் அறையோடு நம் வீட்டை ஒப்பிடுவதே சரியில்லை. அங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் சூடான காற்று மேலே ஏறி, கீழே நிலத்திலிருந்து மண்வாயுவை உறிஞ்சுகிறது. நமக்கு நிலக்கீழ் அறையும் இல்லை, சூடாக்கலும் இல்லை, சுவருக்கும் கூரைக்கும் நடுவே காற்றுப் போகிற இடைவெளி வேறு. வன்னியில் நான் யோசிக்கிற வீடு மண் வீடு அல்ல, வெளிநாட்டுக் காசில் கட்டி, கண்ணாடி யன்னலை இறுக்கி, அறைக்கு அறை ஏசி பூட்டி, வருடத்தில் பதினொரு மாதம் பூட்டியே கிடக்கிற வீடு. அந்த ஏசி வெளிக்காற்றை எடுப்பதில்லை, உள்ளே இருக்கிற காற்றையே சுழற்றிக் குளிராக்குகிறது. லீவுக்கு வந்து கதவைத் திறந்த அன்றே மீற்றரை வைத்தால் பயங்கர எண் வரும். யன்னலைத் திறந்து இரண்டு நாள் விட்டுப் பிறகு வையுங்கள்.

குழாய்க்கிணறு பற்றியும் கேட்டிருந்தீர்கள். பாறைக்குள் துளைத்த கிணற்றில் ரேடன் கூடுதலாகக் கரைந்திருக்கும், திறந்த கிணற்றில் குறைவு. தண்ணீரிலிருந்து வீட்டுக் காற்றுக்கு வருவது ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. தண்ணீர் தாங்கியில் ஏறி, வாளியில் விழுந்து, அடுப்பில் கொதித்து வருவதற்குள் பெரும்பகுதி போய்விடும். அந்தத் தண்ணீரில் யோசிக்க வேறு விஷயங்கள் இருக்கின்றன.

போரில் செல் (எறிகணை) விழுந்த வளவு என்பதால் ரேடன் வருமா என்ற கேள்விக்கு: வராது. ரேடன் வர ரேடியம் வேண்டும், வெடிமருந்தில் ரேடியம் இல்லை. இதே மாதிரி ஒரு பீதி மழைத்தண்ணீர் விஷயத்தில் வரும். பெருமழை விட்டதும் மோட்டார்சைக்கிள் இருக்கையைத் துணியால் துடைத்து எண்ணியில் வைத்தால் எண் துள்ளும். 2011இல் புகுஷிமாவுக்குப் பிறகு உலகமெங்கும் இதைச் செய்து பார்த்துப் பயந்தவர்கள் உண்டு. மழை காற்றைக் கழுவிக் கீழே கொண்டுவந்த ரேடன் பிள்ளைகள்தான் அவை. சில மணித்தியாலத்தில் துணி வெறுந்துணியாகிவிடும்.

மாமாவுக்கு என்ன செய்யலாம்? அளந்து முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லாத வேலைகள் இரண்டு. முதலாவது அடுப்பு. படுக்கிற அறைக்குப் பக்கத்தில் விறகடுப்பு எரிவதே நெஞ்சுக்குக் கேடு, ரேடன் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அடுப்பை வெளியே எடுங்கள், இல்லையென்றால் புகைபோக்கி வையுங்கள். இரண்டாவது சுவர். தோரன் ஒரு நிமிடத்தில் பாதியாகிற பொருள் என்பதால் அதை ஒரு நிமிடம் தாமதப்படுத்தினாலே போதும்: மெல்லிய சீமெந்துப் பூச்சோ இரண்டு தடவை நல்ல பெயின்ற்றோ பெரும்பங்கை நிறுத்திவிடும். ரேடனுக்கு அந்த மருந்து பலிக்காது, அது 3.8 நாள் காத்திருந்து ஊடுருவும். அதே மண்ணைச் சாணியோடு குழைத்து மெழுகுவதில் பயன் குறைவு, மேற்தோலில் மறுபடியும் அதே மண்தான் இருக்கிறது. கூரைக்குக் கீழே இருக்கிற இடைவெளியைப் பலகை வைத்து அடைக்க வேண்டாம்.

மாமா சுருட்டுப் பிடிப்பவரா என்று நீங்கள் எழுதவில்லை. ரேடனால் வரும் ஆபத்து புகைப்பவர்களுக்கு, ஒருநாளும் புகைக்காதவர்களைவிட 25 மடங்கு என்கிறது உலக சுகாதார நிறுவனம். பிடிப்பவர் என்றால் மேலே எழுதிய எல்லாவற்றுக்கும் முன்னால் அதைப் பேச வேண்டும்.

முறைப்படி அளக்க விரும்பினால் கொழும்பு ஒறுகொடவத்தையில் இருக்கும் இலங்கை அணுசக்திச் சபையிடம் கேளுங்கள். வவுனியாப் பல்கலைக்கழகத்திலோ யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகத் துறையிலோ அல்பா எண்ணி இருக்கிறதா என்று விசாரிப்பதும் நல்லது. ஒரு மாணவருக்கு இது அருமையான ஆய்வுத் தலைப்பு. கேட்கும்போது ரேடன் வாயு என்று மட்டும் கேட்காமல், தோரன் பிள்ளைகளையும் சேர்த்து அளப்பார்களா என்று கேளுங்கள். அதற்கிடையில் முகக்கவசப் பரிசோதனையைச் செய்தால், நிறுத்திய நேரம், ஒவ்வொரு ஐந்து நிமிட எண், ஆறு மணித்தியாலத்துக்குப் பிந்திய எண், மறுநாள் எண், பின்னணி எண் எல்லாவற்றையும் இங்கே எழுதிவிடுங்கள். இறக்கத்தைப் பார்த்து ரேடன் எவ்வளவு, தோரன் எவ்வளவு என்று பிரித்துச் சொல்கிறேன்.